ஓர் இரவு தங்கிப் பார்க்கப் போகும் மருமகளுக்கு

அன்பு மருமகளே,

நேற்று இரவு ஹூஸ்டனிலிருந்து உன் அப்பா பேசினான். கார்ல்டன் கல்லூரியில் உனக்கு இடம் கிடைத்ததையும், ஏப்ரலில் ஓர் இரவு அங்கே விடுதியில் தங்கிப் பார்க்க ஏற்பாடாகியிருப்பதையும் சொன்னபோது எனக்கு நிலைகொள்ளவில்லை. ஆனால் அவன் கேட்டது முழுக்கப் பாதுகாப்பைப் பற்றித்தான். அதைக் கடைசியில் சொல்கிறேன். இங்கே மினசோட்டாவில் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறவள் நான். வருடா வருடம் இப்படித் தங்கிவிட்டு வரும் பிள்ளைகளில் பலர் "நல்லா இருந்துச்சு மிஸ்" என்பதற்கு மேல் எதுவும் சொல்வதில்லை. மே 1க்குள் எந்தக் கல்லூரி என்று பதில் சொல்லியாக வேண்டியவர்களுக்கு அந்த ஒரு வரி போதாது. நீ அப்படித் திரும்பி வரக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் ஒன்றை மனத்தில் வாங்கிக்கொள். உனக்கு இடம் கொடுத்தாகிவிட்டது. அங்கே யாரும் உனக்கு மதிப்பெண் போடப் போவதில்லை. புத்திசாலியாகத் தெரிய வேண்டும் என்ற தவிப்பை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போ. இம்முறை பார்க்கிறவள் நீதான்.

நாளைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் ஞாயிறு இரவைக் கேள். சனிக்கிழமை எந்த ஊரும் கலகலப்பாகத்தான் இருக்கும். மறுநாள் காலை எட்டரை மணி வகுப்புக்கு ஓட வேண்டிய பிள்ளைகள் முந்தின இரவு எப்படி இருக்கிறார்கள் என்பதில்தான் ஒரு கல்லூரி தெரியும். வாடகைக்கு வீடு பார்க்கப் போனால் நம் ஊரில் வெள்ளையடித்த சுவரையா பார்ப்போம்? தண்ணீர் எத்தனை மணிக்கு வரும் என்றுதானே கேட்போம்!

சாமான் அதிகம் வேண்டாம். ஸ்லீப்பிங் பேக், சின்னத் தலையணை, துண்டு, பொதுக் குளியலறைக்கு ரப்பர் செருப்பு, சார்ஜர், அடையாள அட்டை, மருத்துவக் காப்பீட்டு அட்டை. ஹூஸ்டன் பிள்ளை நீ, அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன்: கல்லூரி இருக்கும் நார்த்ஃபீல்டில் ஏப்ரலிலும் பனி விழும். என்னுடைய தடித்த கோட்டை விமான நிலையத்துக்கு எடுத்து வருகிறேன்.

உன்னைத் தங்க வைக்கும் பெண் தன் அறையில், தன் படிப்பு நேரத்தில் உனக்குப் பங்கு தருகிறாள். பெரும்பாலும் தரையில்தான் படுக்கை. உன் பையை மூலையில் ஒதுக்கி வை. அவளோடு தங்கும் தோழியிடமும் இரண்டு வார்த்தை பேசு. அவளுக்கு மறுநாள் தேர்வு இருந்தால், "நான் நூலகத்தில் உட்கார்ந்திருக்கிறேன், நீ படி" என்று நீயே சொல்லிவிடு. அவள் கலகலப்பாகப் பேசினால் கல்லூரியே நல்லது என்றோ, பேசா மடந்தையாக இருந்தால் கல்லூரியே சரியில்லை என்றோ முடிவு கட்டாதே. சுமார் இரண்டாயிரம் மாணவர்களில் அவள் ஒருத்தி.

இரவு ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை உன் கண்ணும் காதும் விழித்திருக்கட்டும். வழிகாட்டி கூட்டிப்போய்க் காட்டாத நேரம் அது. தாழ்வாரத்தில் அறைக் கதவுகள் திறந்திருக்கின்றனவா? கூல்ட் நூலகத்தில் தனித்தனியாகக் குனிந்திருக்கிறார்களா, நாலு பேர் சேர்ந்து ஒரு கணக்கோடு மல்லுக்கட்டுகிறார்களா? நம் நிறத்துப் பிள்ளைகள் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள்? அங்கே டேஸி மோசஸ் என்ற அம்மாள் கல்லூரிக்கே விட்டுச் சென்ற வீடு ஒன்று இருக்கிறது. எந்த மாணவரும் உள்ளே போய் பிஸ்கட் சுட்டுக்கொள்ளலாம். கட்டாயம் போய்ப் பார். படிப்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று நினைக்காதே. வீட்டை விட்டு ஆயிரம் மைலுக்கு அப்பால் இருக்கப் போகிறவளுக்கு இருக்கிறது.

இனிக் கேள்விகள். "இங்கே பிடித்திருக்கிறதா?" என்று கேட்டால் எல்லாரும் ஆமாம் என்பார்கள். கார்ல்டனில் ஆண்டுக்கு மூன்று பருவம், ஒவ்வொன்றும் பத்தே வாரம், பருவத்துக்குப் பொதுவாக மூன்று பாடம். ஐந்தாவது வாரத்துக்குள் பாதிப் பாடம் ஓடிவிடும். ஆகவே, "ஒரு வாரம் காய்ச்சலில் படுத்துவிட்டால் என்ன செய்தாய்? ஆசிரியர் என்ன சொன்னார்?" என்று கேள். பதிலைவிட அதைச் சொல்லும் முகத்தைக் கவனி. இந்த ஓட்டம் உனக்கு ஒத்துவருமா என்பதுதான் கார்ல்டனைப் பற்றி நீ எடுக்க வேண்டிய முதல் முடிவு என்பது என் எண்ணம். மற்றதெல்லாம் அப்புறம். நிதானமாக ஊறவைத்துப் படிக்கிறவள் நீ, அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன்.

நாலாம் ஆண்டுப் பிள்ளைகளைத் தேடிப் பேசு. அவர்கள் எல்லாருக்கும் 'காம்ப்ஸ்' என்று ஓர் இறுதி வேலை உண்டு. யார் வழிகாட்டினார்கள், கேட்டபோதெல்லாம் நேரம் கொடுத்தார்களா என்று விசாரி. உன்னை அழைத்துப்போக நியமிக்கப்பட்டவர்களை மட்டும் கேட்டால் போதாது; நூலக மேசையில் வேலை பார்க்கும் பிள்ளையையும் கேள்.

ஒரு வகுப்பில் உட்காரப் போகிறாய் அல்லவா? முன்கூட்டியே சேர்க்கை அலுவலகம் வழியாகக் கேட்டுக்கொள். உயிரியல் உனக்குப் பிடிக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். நீ தொட்டே பார்க்காத பாடம் ஒன்றில் போய் உட்கார். இரண்டாம் ஆண்டின் கடைசியில்தான் அங்கே முதன்மைப் பாடத்தை அறிவிக்க வேண்டும். அதுவரை மனம் மாறலாம்.

பணத்தைப் பற்றிக் கேட்கக் கூச்சப்படாதே, கண்ணு. நம் குடும்பத்தில் பிள்ளைகள் காதில் பணப் பேச்சு விழக் கூடாது என்பார்கள். இந்த விஷயத்தில் அந்த வழக்கம் வேண்டாம். உதவித்தொகை அலுவலகத்துக்குப் போய், முதல் ஆண்டு தரும் தொகை நாலாண்டும் இருக்குமா, அப்பாவின் சம்பளம் மாறினால் எப்படிக் கணக்கிடுவார்கள், காப்பீடும் புத்தகமும் அதில் சேர்த்தியா என்று கேட்டு எழுதிக்கொள். அங்கே தேங்க்ஸ்கிவிங்குக்கு முன்பே முதல் பருவம் முடிந்து ஜனவரி தொடக்கம் வரை நீண்ட விடுமுறை. விமானச் செலவையும் அதற்கேற்பக் கணக்குப் போடு.

சாப்பாட்டை அங்கேயே சாப்பிடு. சைவம் என்பதால் பையில் புளியோதரை கட்டிக்கொண்டு போனால் நாலு வருடம் என்ன கிடைக்கும் என்று உனக்குத் தெரியாமலே போய்விடும்.

அப்பாவின் கவலைக்கு வருகிறேன். இந்த நாட்டில் மது வாங்க 21 வயது ஆகியிருக்க வேண்டும். உனக்குப் பதினேழு. யாராவது நீட்டினால் "வேண்டாம்" போதும், காரணம் சொல்லத் தேவையில்லை. உன்னைத் தங்க வைக்கும் பெண்ணே அப்படியோர் இடத்துக்குக் கூப்பிட்டாலும் போகாதே. தந்த இடத்தை நடத்தையைக் காரணம் காட்டித் திரும்ப எடுத்துக்கொள்ளக் கல்லூரியால் முடியும். சேர்க்கை அலுவலகத்தின் அவசர எண்ணையும் வளாகப் பாதுகாப்பு எண்ணையும் கைபேசியில் போட்டுக்கொள். மனசுக்குச் சரியாகப் படவில்லை என்றால் நள்ளிரவானாலும் என்னைக் கூப்பிடு. நான் ஒரு மணி நேரத் தூரத்தில்தான் இருக்கிறேன். அப்பாவுக்கு ஒரு வேலை கொடு. அரசின் நிதியுதவி பெறும் கல்லூரிகள் வளாகக் குற்றக் கணக்கை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும் என்று 1990இல் சட்டம் வந்தது. கார்ல்டனின் அறிக்கையை அவன் படிக்கட்டும். மணிக்கொரு தரம் உன்னைக் கூப்பிடுவதைவிட அது பயனுள்ளது.

திங்கட்கிழமை நான் காரில் வந்து ஏற்றிக்கொள்ளும்போது உடனே எதுவும் கேட்க மாட்டேன். அதற்கு முன்பே, எங்களில் யாரிடமும் பேசுவதற்கு முன், பார்த்ததையும் தோன்றியதையும் உன் கையால் எழுதி வைத்துவிடு. அப்பாவின் விருப்பமும் என் விருப்பமும் காதில் விழுந்த பிறகு உன் நினைவே மாறிப்போகும். அந்தப் பெண்ணுக்கு அன்றிரவே நன்றி சொல்லி நாலு வரி அனுப்பு.

பதினெட்டு முடியாததால் பெற்றோர் கையெழுத்திட்ட படிவம் கேட்பார்கள். அதை இந்த வாரமே அனுப்பச் சொல் உன் அப்பாவை.

அன்புடன்,
உன் அத்தை