கோப்பைத் தேடுபவருக்கு எழுதும் கடிதம்: திருவனந்தபுரம் மருத்துவமனைகளும் மின்னஞ்சலும்

திருவனந்தபுரத்தில் 1951இல் தொடங்கிய அரசு மருத்துவக் கல்லூரியும், 1980இல் நாடாளுமன்றச் சட்டத்தின் வழியே தேசிய முக்கியத்துவம் பெற்று ஸ்ரீசித்திரா என அழைக்கப்படும் ஸ்ரீசித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனமும், 1981இல் நிறுவப்பட்டு ஆர்.சி.சி. என்றே அறியப்படும் மண்டலப் புற்றுநோய் மையமும் அருகருகே அமைந்திருப்பதால், எல்லைக்கு இப்பால் தமிழ்நாட்டில் உள்ள கன்னியாகுமரி, தென்காசி, திருநெல்வேலி மாவட்டத்தினர் கடும் நோய்களுக்கு அங்கே செல்வது நெடுங்கால வழக்கமாக இருந்துவருகிறது. குமரிப் பகுதி 1956 நவம்பர் 1 அன்று தமிழ்நாட்டோடு இணைந்த பின்னும் இவ்வழக்கம் மாறவில்லை. சிகிச்சை முடிந்து ஊர் திரும்பியவர் அடுத்த வருகைக்கு முன் எழும் ஐயங்களை எவ்வாறு கேட்பது என்ற சிக்கலுக்கு மின்னஞ்சல் ஓரளவு தீர்வு தருகிறது. அந்த அளவு எதுவரை என்பதை அறிந்து எழுதுவோருக்கே அது பயன்படுகிறது.

சட்ட நிலையை முதலில் கூற வேண்டும். 2020 மார்ச் 25 அன்று இந்திய அரசு வெளியிட்ட தொலைமருத்துவ நடைமுறை வழிகாட்டு நெறிகள், காணொளி, தொலைபேசி, குறுஞ்செய்தி ஆகியவற்றோடு மின்னஞ்சலையும் கலந்தாலோசனைக்குரிய வழியாக ஏற்கின்றன. கேட்பவரும் விடையளிப்பவரும் ஒரே நேரத்தில் இணைந்திராத ஆலோசனை வகையில் மின்னஞ்சல் அடங்கும். நேரில் கண்ட அதே நோய்க்கு ஆறு மாதங்களுக்குள் கேட்பது தொடர் ஆலோசனை எனப்படும். மருத்துவமனைக்கு எழுதப்படும் மின்னஞ்சல் பெரும்பாலும் இவ்வகையில் அமைந்தால்தான் மருத்துவரால் உறுதியான விடை தர இயலும். நோயாளியே தொடங்கும் ஆலோசனையில் அவருடைய இசைவு உள்ளடங்கியதாகக் கொள்ளப்படுகிறது. எனினும் பெயர், வயது, முகவரி, தொலைபேசி எண் ஆகியவற்றைக் கேட்டு ஆளை உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டிய பொறுப்பு மருத்துவருக்கு உண்டு. கடிதத்திலேயே இவற்றைக் கொடுத்துவிட்டால் ஒரு சுற்றுக் கடிதப் போக்குவரத்து மிச்சமாகும்.

எழுதுவோர் பலரும் மறக்கும் செய்தி ஒன்று உண்டு. பெரிய மருத்துவமனையின் பொது முகவரிக்குச் செல்லும் கடிதத்தை முதலில் திறப்பவர் பெரும்பாலும் மருத்துவர் அல்லர். கடிதத்தைப் படித்து, உரிய கோப்பைத் தேடி, உரிய பிரிவுக்கு அனுப்பும் அலுவலரே. அவருக்கு வேண்டியது மருத்துவமனை எண், அதாவது முதல் வருகையில் வழங்கப்பட்டு ஓ.பி. (புறநோயாளர்) சீட்டின் தலைப்பில் அச்சாகியிருக்கும் பதிவு எண். ஆகவே பொருள் வரியிலேயே அந்த எண், நோயாளியின் பெயர், துறை, கேட்கும் காரியம் ஆகிய நான்கும் இடம்பெறுதல் நன்று. வணக்கமும் நன்றியும் நலம் விசாரிப்பும் மேலே நிறைந்து, எண் ஆறாவது வரியில் ஒளிந்திருக்கும் கடிதங்கள் பணிவுடையவை, ஆனால் தாமதமாகவே விடை பெறுகின்றன. மொழியும் கவனத்திற்குரியது: பேச்சில் தமிழைப் புரிந்துகொள்ளும் கேரள ஊழியர் பலர் தமிழ் எழுத்தை வாசித்துப் பழகாதவர்கள் என்பதால், குறுகிய வாக்கியங்களில் எளிய ஆங்கிலத்தில் எழுதுவதே நடைமுறைக்கு உகந்தது.

இதய வால்வு பொருத்திக்கொண்டவரின் நிலையைச் சான்றாகக் கொள்ளலாம். ஸ்ரீசித்திராவில் உருவாகி 1990 டிசம்பரில் முதன்முதலாக நோயாளி ஒருவருக்குப் பொருத்தப்பட்ட சித்ரா வால்வு போன்ற செயற்கை வால்வு உடையவர்கள், அதன்மேல் இரத்தம் உறையாதிருக்க அசிட்ரோம் அல்லது வார்ஃபரின் மாத்திரையை வாழ்நாள் முழுவதும் உட்கொண்டு, ஐ.என்.ஆர். என்னும் பரிசோதனையை அவ்வப்போது செய்துகொள்ள வேண்டியவர்கள். இரத்தம் உறைய ஆகும் நேரத்தை ஒரு பொது அளவுகோலில் காட்டும் எண் அது. மருந்து உண்ணாத நலமுடையவருக்கு ஏறத்தாழ 1 என இருக்கும். நாகர்கோவில் ஆய்வகத்தில் வந்த எண்ணை மட்டும் ‘1.6 வந்திருக்கிறது, என்ன செய்வது’ என்று அனுப்பினால் மருத்துவரால் ஒன்றும் சொல்ல இயலாது. பரிசோதனை நாள், முந்தைய எண், நாள்தோறும் உண்ணும் மாத்திரையின் மில்லிகிராம் அளவு (ஒருநாள் 2, மறுநாள் 3 என மாறி மாறி உண்பவராயின் அதுவும்), இடையில் விட்டுப்போன வேளைகள், வேறு நோய்க்கு உள்ளூரில் வாங்கிய ஆன்டிபயாட்டிக் அல்லது வலி மாத்திரையின் பெயர் ஆகியவை சேர்ந்தால்தான் அந்த எண் பேசத் தொடங்குகிறது. இவற்றைக் கடிதத்திலேயே எழுதிவிட்டு அறிக்கையை இணைக்க வேண்டும். டியூப்லைட்டின் கீழ் சாய்வாக எடுத்த கைபேசிப் படத்தை மட்டும் அனுப்பி, படித்துக்கொள்ளட்டும் என விடுவது முறையன்று. சி.டி. ஸ்கேன் படத்தொகுப்பை அனுப்ப முயல்வதும் வீண். பொதுவான மின்னஞ்சல் சேவைகள் 25 எம்.பி. அளவில் நின்றுவிடுவதால், எழுத்து வடிவ அறிக்கையை மட்டும் இணைத்துப் படங்களைக் குறுந்தகட்டில் நேரில் கொண்டுசெல்லலாம்.

மின்னஞ்சலின் எல்லைகளும் தெளிவானவை. மூச்சுத்திணறல், நில்லாத இரத்தப்போக்கு, ஒருபக்கக் கைகால் தளர்ச்சி, பேச்சுக் குழறல் ஆகியவை தோன்றினால் கடிதம் எழுதிக் காத்திருப்பது ஆபத்து. அங்கே 108 ஆம்புலன்ஸ்தான் வழி, இரு மாநிலங்களிலும் எண் ஒன்றே. ‘தங்கள் மின்னஞ்சல் கிடைத்தது’ எனத் தானாக வரும் பதில், எவரும் படித்தார் என்பதற்குச் சான்றாகாது. புற்றுநோய் வலிக்கு மார்ஃபின் உண்போரின் உறவினர் அதற்கான சீட்டை மின்னஞ்சலில் கேட்பதுண்டு. போதைப்பொருள் சட்டத்திற்கு உட்பட்ட மருந்துகளைத் தொலைமருத்துவத்தில் எழுதித் தருவதை மேற்கண்ட நெறிகள் முற்றாகத் தடுப்பதால், மறுப்பு வருவது மருத்துவரின் இரக்கமின்மையால் அன்று.

மாறாக, ஆவணங்கள் கோருவதற்கு மின்னஞ்சலைவிடச் சிறந்த கருவி இல்லை. மருத்துவர்களுக்கான 2002ஆம் ஆண்டின் தொழில்நெறி ஒழுங்குமுறைகள், நோயாளியோ அவர் அதிகாரம் அளித்தவரோ கேட்டால் 72 மணி நேரத்திற்குள் ஆவணங்களைத் தர வேண்டும் என்கின்றன. கோரிய நாளையும் நேரத்தையும் கடிதமே பதிந்துவைக்கிறது.

வளைகுடாவில் பணிபுரியும் மகன் ஊரிலுள்ள தந்தைக்காக எழுதுவது இப்பகுதியில் மிகுதி. தந்தை சுயநினைவுடன் முடிவெடுக்கக் கூடியவராயின், மகன் என்பதாலேயே மருத்துவமனை அவருக்கு விவரம் தந்துவிடாது. தந்தையின் கையொப்பமிட்ட அதிகாரக் கடிதமோ, நேரில் வந்தபோது அவர் தெரிவித்த இசைவோ வேண்டும். எனவே விடுமுறையில் வரும் மகன் ஒருமுறை தந்தையுடன் ஓ.பி.க்குச் சென்று, தம் பெயரையும் மின்னஞ்சல் முகவரியையும் கோப்பில் எழுதச் சொல்லி வருவது நன்று. துபாயிலிருந்தோ தோஹாவிலிருந்தோ பின்னர் எழுதும் கடிதத்தை யார் எழுதினார் என்ற கேள்வி அலுவலருக்கு எழாது.