தாளும் பென்சிலும் ஒரு தாயக்கட்டையும்: குறைந்த செலவில் கதைப்பாத்திர விளையாட்டு

இளைஞர் மன்றங்களில் விளையாட்டு என்றதும் கரப்பந்து, கிரிக்கெற், கரம் என்பவையே நினைவுக்கு வருகின்றன. இவை நல்லவைதாம். ஆனால் திறமையுள்ள பத்துப் பேர் விளையாட, ஏனையோர் சுற்றி நின்று பார்ப்பதே வழக்கமாகிவிடுகின்றது. பந்தும் மட்டையும் வாங்கச் சந்தா சேர்க்கும்போது, கொடுக்க முடியாதவர் ஒன்றும் சொல்லாமலே ஒதுங்கிவிடுகின்றார். வென்றவர், தோற்றவர் என்ற பிரிவு இல்லாமல், ஐந்தாறு பேர் வட்டமாக இருந்து பேசியே விளையாடும் விளையாட்டொன்று மேலைநாடுகளில் ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக இருந்து வருகின்றது. பணக்காரப் பொழுதுபோக்கு என்ற பெயரும் அதற்கு உண்டு. அந்தப் பெயர் எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதை இப்பாடத்தில் நோக்குவோம்.

இது எவ்வகை விளையாட்டு?

ஒருவர் கதை நடத்துநராக இருப்பார். ஏனையோர் ஒவ்வொருவரும் கதையில் ஒரு பாத்திரத்தை ஏற்பர். நடத்துநர் நிலைமையைச் சொல்வார்: “இருட்டிவிட்டது. ஆற்றில் வெள்ளம். பாலத்தின் நடுப்பகுதியைக் காணவில்லை. அக்கரையில் யாரோ விளக்கை ஆட்டுகிறார்கள். என்ன செய்யப்போகிறீர்கள்?” பங்குபற்றுவோர் தம் பாத்திரம் செய்வதைச் சொல்வர். அது கைகூடுமா இல்லையா என்பது நிச்சயமில்லாத இடத்தில் தாயக்கட்டை உருட்டப்படும். விழும் எண்ணுக்கேற்பக் கதை திரும்பும். மேடையும் இல்லை, மனப்பாடம் செய்த வசனமும் இல்லை. நாடகத்தில் நடிப்பவருக்கு முடிவு தெரியும். இங்கே நடத்துநருக்குக்கூடத் தெரியாது. புனித இஞ்ஞாசியாரின் ஆன்மீகப் பயிற்சிகளைச் செய்தவர்களுக்கு ஒரு காட்சிக்குள் தம்மை வைத்துப் பார்ப்பது புதிய விடயமன்று. இங்கே அது பலர் கூடிச் சிரிப்போடு செய்யும் காரியமாகின்றது.

சிக்கனத்திலே பிறந்தது

1969 இல் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் டேவிட் வெஸ்லி என்பவர், பொம்மைப் படைகளை வைத்து விளையாடும் போர் விளையாட்டொன்றில், ஆளுக்கொரு படைக்குப் பதிலாக ஆளுக்கொரு பாத்திரத்தைக் கொடுத்துப் பார்த்தார். அந்த நண்பர் வட்டத்தைச் சேர்ந்த டேவ் ஆர்னசன் அதனை வளர்த்தார். விஸ்கொன்சின் மாநிலத்தின் லேக் ஜெனிவா என்ற சிற்றூரைச் சேர்ந்த கரி கைகக்ஸ் அவரோடு சேர, 1974 இல் ‘டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்’ வெளிவந்தது. கைகக்ஸ் காப்புறுதி நிறுவன வேலையை இழந்து, வீட்டில் சப்பாத்துத் திருத்திப் பிழைத்தவர். முதற்பதிப்பு 1,000 பிரதிகள். மூன்று சிறு புத்தகங்கள் கொண்ட பெட்டியின் விலை 10 டொலர். பெட்டிகளைக் கையாலேயே அடுக்கினார்கள்.

இவ்விளையாட்டில் இன்றும் பெயர்பெற்ற சில விலங்குகள், மலிவுக் கடையில் பையோடு விற்ற பிளாஸ்டிக் பொம்மைகளைப் பார்த்து உருவாக்கப்பட்டவை. இரும்பைத் துருவாக்கித் தின்னும் பிராணி அவற்றுள் ஒன்று. 1979 அளவில் தாயக்கட்டைக்குத் தட்டுப்பாடு வந்தபோது, அந்தக் கொம்பனி பெட்டிக்குள் தாயக்கட்டைக்குப் பதிலாக எண்ணிட்ட அட்டைத் துண்டுகளை வைத்தே விற்றது. வெட்டிக் கோப்பையில் போட்டுக் குலுக்கி எடுத்து விளையாடினார்கள். விளையாட்டு நின்றுவிடவில்லை.

வாங்க வேண்டியதும் வேண்டாததும்

பின்னர் இது பெரும் வியாபாரமாயிற்று. 2014 ஆம் ஆண்டுப் பதிப்பில் முக்கியமான மூன்று நூல்களும் ஒவ்வொன்று 49.95 டொலர் விலையிடப்பட்டிருந்தன. மூன்றும் சேர்ந்தால் ஏறக்குறைய 150 டொலர். சிற்றுருவங்கள், வரைபடங்கள், வண்ண வண்ணத் தாயக்கட்டைகள் இதற்குப் புறம்பு. ஆசை வளர்க்கும் கடைக்கு அளவில்லை. எனினும் அதே ஆண்டில் அதே நிறுவனம் அடிப்படை விதிகளை இலவசமாகவும் வெளியிட்டது. 2023 சனவரியில், உரிமம் பற்றிய பெரும் சர்ச்சையின் பின்னர், விதிகளின் மையப்பகுதியை எவரும் பிரதி செய்யவும் மொழிபெயர்க்கவும் இடமளிக்கும் பொது உரிமத்தின் கீழ் விட்டது. ஆகவே விலைக்கு விற்கும் நூலைத் திருட்டுத்தனமாக நிழற்பிரதி எடுக்க வேண்டிய தேவை எவருக்கும் இல்லை. ‘ஏழைகள்தானே, பரவாயில்லை’ என்று நாமே சொல்லிக்கொள்ளும் பழக்கத்தை எமது மன்றங்கள் கைவிடுவது நல்லது.

தொடங்குவோருக்கு அந்தப் பெரிய விதிநூலையும் நாம் பரிந்துரைக்கவில்லை. ஜோன் ஹார்ப்பர் 2013 இல் இலவசமாக வெளியிட்ட ‘லேசர்ஸ் அன்ட் பீலிங்ஸ்’ ஒரே பக்கத்தில் அடங்கியது. விண்வெளிக் கப்பலொன்றின் பணியாளர்களைப் பற்றியது. அதன் அமைப்பைத் தழுவிப் பலர் வேறு கதைகளுக்குரிய விளையாட்டுகளைச் செய்திருக்கின்றனர். நாமும் அவ்வாறே, விண்கப்பலுக்குப் பதிலாகக் கடலுக்குப் போகும் வள்ளமொன்றை எடுத்து விளக்குவோம்.

ஒவ்வொருவரும் 2 முதல் 5 வரை ஓர் எண்ணைத் தெரிவு செய்து கொப்பியில் எழுத வேண்டும். எண் பெரிதானால் அவர் கைவேலையில், கணக்கில் கெட்டிக்காரர். சிறிதானால் மனிதரோடு பழகுவதில் கெட்டிக்காரர். கைவேலைக்கு உருட்டும்போது தன் எண்ணுக்குக் குறைவாக விழ வேண்டும். பேச்சுக்கு உருட்டும்போது கூடுதலாக விழ வேண்டும். எவருக்கும் ஒரு கட்டை உண்டு. முன்னாயத்தம் செய்திருந்தால் இன்னொன்று, அந்த வேலையில் தேர்ந்தவரென்றால் மேலும் ஒன்று. மூன்று கட்டைக்கு மேல் தேவைப்படாது.

றீற்றாவின் எண் 4 என வைத்துக்கொள்வோம். நடுக்கடலில் எஞ்சின் நின்றுவிட்டது. சாவிப்பெட்டியை மறக்காமல் கொண்டுவந்ததாக முன்னரே சொல்லியிருந்தபடியால் இரண்டு கட்டை உருட்டுகின்றார். 3 உம் 5 உம் விழுகின்றன. 3 நாலுக்குக் குறைவு, ஆகவே வெற்றி, 5 பயனில்லை. ஒரே வெற்றி என்றால் காரியம் கைகூடும், ஆனால் ஒரு சிக்கலும் வரும். எஞ்சின் ஓடுகின்றது, மண்ணெண்ணெய் ஒழுகுகின்றது! இரண்டு வெற்றி என்றால் முழுமையாகக் கைகூடும். மூன்று என்றால் எதிர்பாராத நன்மையொன்றும் சேரும். ஒன்றுமே இல்லையென்றால் நிலைமை மோசமாகும். சரியாக 4 விழுந்திருந்தால் அதுவும் வெற்றியே. அத்துடன் அவர் நடத்துநரிடம் ஒரு கேள்வி கேட்கலாம், நடத்துநர் உண்மையைச் சொல்லியாக வேண்டும். இந்தப் பந்தியை ஒரு தாளில் எழுதிவைத்தால் விதிநூல் முடிந்தது.

தாயக்கட்டை இல்லாவிட்டால்

லூடோப் பெட்டியில் உள்ள கட்டை போதும். பெரிய விளையாட்டுகள் கேட்கும் இருபது முகக் கட்டைக்கு, 1 முதல் 20 வரை எழுதிய சீட்டுகளை ரின்னில் போட்டுக் குலுக்கி எடுக்கலாம். எடுத்த சீட்டை மறுபடி உள்ளே போட மறக்கக்கூடாது. ‘பட்ஜ்’ என்ற விளையாட்டு (1992 முதல் இலவசமாகப் பரவியது) கூட்டல், கழித்தல், வெறுமை என்ற அடையாளங்கள் இட்ட நான்கு கட்டைகளைக் கேட்கும். சாதாரண கட்டையில் 1, 2 கழித்தல், 3, 4 வெறுமை, 5, 6 கூட்டல் என்று கொண்டால் சரி.

ஒரு பக்கம் தேய்த்து வெளுக்கச் செய்த புளியங்கொட்டையும் உதவும். நான்கு கொட்டைகளை எறிந்து வெள்ளையை எண்ண வேண்டும். இரு பக்கமும் சமமாக விழுமானால் பதினாறு தடவைக்கு ஆறு தடவை இரண்டு வெள்ளை வரும், நான்கும் வெள்ளையாக ஒரே தடவைதான் வரும். நடுத்தரம் இலகு, அதிசயம் அரிது என்பது பிள்ளைகளுக்குச் சொல்லாமலே விளங்கிவிடும். கொட்டைகள் சமமாகத் தேய்க்கப்பட்டனவா என்பதை முதலில் ஐம்பது தடவை எறிந்து பார்ப்பது நல்லது. கணித ஆசிரியர் எவராவது அருகில் இருந்தால் அழைத்துக்கொள்ளுங்கள்.

நடத்துநரின் பொறுப்பு

செலவெல்லாம் குறைந்தாலும் ஒன்றுமட்டும் குறையாது: அது நடத்துநரின் பொறுமை. பேசாதிருப்பவரின் பக்கம் திரும்பி, “நீங்கள் இப்போது எங்கே நிற்கிறீர்கள்?” என்று கேட்கத் தெரிந்தவரே நல்ல நடத்துநர். குரல் பெரிதானவர்கள் இரண்டு பேர் கதையைக் கைப்பற்றினால் கரப்பந்துத் திடலின் கதைதான் இங்கும். எங்களைப் போன்ற குருக்களுக்கும் அபிவிருத்திப் பணியாளருக்கும் வேறொரு சோதனை உண்டு. மதுவின் தீமை, சேமிப்பின் அவசியம் என்று பாடம் புகட்ட இதை வாகனமாக்க மனம் உந்தும். பயிற்சிப்பட்டறைகளில் நாம் செய்விக்கும் பாத்திரமேற்றல் வேறு. அங்கே சொல்லவேண்டிய செய்தி முன்பே தீர்மானிக்கப்பட்டது. இங்கே முடிவை முன்கூட்டியே வைத்துக்கொண்டு கதையை இழுத்தால் இளைஞர் இரண்டாம் நாளே கண்டுபிடித்துவிடுவர். மூன்றாம் நாள் வரமாட்டார்கள்.

1980களில் அமெரிக்காவில் சில கிறிஸ்தவக் குழுக்களும் பெற்றோரும் இவ்விளையாட்டு பிசாசு வழிபாட்டுக்கு இட்டுச் செல்லும் என அஞ்சிப் பிரசாரம் செய்தனர். 1989 இல் வந்த இரண்டாம் பதிப்பிலிருந்து பேய், பிசாசு என்ற பெயர்களே எடுக்கப்பட்டன. அச்சத்துக்கு ஆதாரம் கிடைக்கவில்லை. எதைப் பற்றிய கதை என்பதைத் தீர்மானிப்பது கூடியிருப்பவர்களே என்பதால், பெற்றோர் கேட்டால் வந்து அருகில் இருந்து பார்க்கச் சொல்வதே எமது பதில்.

எமது அக்கறை வேறிடத்தில் உள்ளது. 2009 வரை நீடித்த போரின் நினைவுகளைச் சுமக்கும் குடும்பங்களில், காணாமற்போனவர் பற்றியோ, சோதனைச்சாவடி பற்றியோ கதையில் ஒரு வரி வந்தாலும் ஒருவருடைய முகம் மாறிவிடும். மேலைநாட்டுக் குழுக்கள் பல, பெருக்கல் அடையாளமிட்ட அட்டையொன்றை நடுவில் வைக்கின்றன. எவரும் அதைத் தொட்டால் அந்தக் காட்சி உடனே விடப்படும். ஏன் என்று கேட்பதில்லை. ஒரு துண்டு அட்டைக்குச் செலவு ஏதுமில்லை. இதனை முதல்நாளிலிருந்தே வைக்கும்படி வற்புறுத்திச் சொல்கின்றோம். நடத்துநர் தானே ஒருமுறை தொட்டுக் காட்டினால் மற்றவர்களுக்குக் கூச்சம் நீங்கும்.

இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் நீடிக்க வேண்டாம். பெண்பிள்ளைகள் இருட்டுமுன் வீடு சேரவேண்டிய ஊர்களில் நாலு மணிக்கே தொடங்குங்கள். பாத்திரக் குறிப்புகளை வீட்டுக்குக் கொடுத்துவிட்டால் பாதி திரும்பி வராது. ஒரு பிஸ்கற் ரின்னில் கட்டையோடும் அட்டையோடும் சேர்த்து மன்றத்திலேயே வைத்து, வள்ளம் எந்த இடத்தில் நிற்கின்றது என்பதை மூடியின் உட்புறத்தில் ஒட்டிய தாளில் எழுதிவிடுங்கள்.