நம்பிக்கைகளும் உண்மைகளும்: லட்சம் லூமன் டார்ச் உண்டா?

டார்ச் லைட் வாங்கப் போகிறவர்களிடம் இன்று வேரூன்றியிருக்கும் நம்பிக்கை, பெட்டியின் மேல் எந்த எண் பெரிதோ அந்த டார்ச்தான் நல்லது என்பது. இரண்டு கட்டை, மூன்று கட்டை, ஐந்து கட்டை என்று பேட்டரியை எண்ணி வாங்கிய காலத்தில் இதில் ஓரளவு நியாயம் இருந்தது. கட்டை கூடினால் வெளிச்சமும் கூடியது. இப்போது கட்டையின் இடத்தை வெளிச்சத்தைச் சொல்லும் லூமனும் பேட்டரியின் கொள்ளளவைச் சொல்லும் எம்.ஏ.எச். கணக்கும் பிடித்துக்கொண்டன. உள்ளங்கைக்குள் அடங்கும் ரீசார்ஜபிள் டார்ச்சின் பெட்டியில் 1,00,000 லூமன் என்றும், அதற்குள் இருக்கும் விரல் நீள பேட்டரியின் மேல் 9,900 எம்.ஏ.எச். என்றும் கூசாமல் அச்சிடுகிறார்கள். இரண்டுமே நடக்க முடியாத எண்கள். விளம்பரம் என்றால் கொஞ்சம் மிகை இருக்கத்தான் செய்யும் என்று இதை விட்டுவிட முடியாது. இரவு முறையில் மும்முனை மின்சாரம் வரும் ஊரில் மோட்டார் போட வரப்பில் நடப்பவருக்கும், விடியுமுன் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுபவருக்கும், மழையில் கம்பம் ஏறும் லைன்மேனுக்கும் டார்ச் ஒரு பாதுகாப்புக் கருவி. 2000 முதல் 2019 வரையிலான இருபது ஆண்டுகளில் இந்தியாவில் பாம்புக்கடியால் சுமார் 12 லட்சம் பேர், அதாவது ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் இறந்தார்கள் என்று 2020-இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. இறந்தவர்களில் பெரும்பாலோர் கிராமத்து மக்கள். கட்டுவிரியனும் கண்ணாடி விரியனும் இரவில் நடமாடுபவை. அந்த வரப்பில் பாதி வழியில் மங்கிப்போகும் டார்ச், விற்றவர் எத்தனை லூமன் சொல்லியிருந்தாலும் மோசடிதான்.

லட்சம் லூமன் ஏன் முடியாது என்பதைப் பள்ளிக் கணக்கிலேயே பார்த்துவிடலாம். கையடக்க டார்ச்களில் பரவலாக இருப்பது 18650 என்னும் லித்தியம் அயான் செல். அதன் பெயரே அதன் அளவு: 18 மில்லிமீட்டர் குறுக்களவு, 65 மில்லிமீட்டர் நீளம். இந்த அளவுக்குள் உலகின் நல்ல தொழிற்சாலைகள் அடைக்கும் கொள்ளளவு பொதுவாக 3,500 எம்.ஏ.எச். அளவிலேயே நிற்கிறது. 3.6 வோல்ட்டால் பெருக்கினால் 12.6 வாட்-மணி. டார்ச்சுக்குக் கிடைக்கும் சொத்து அவ்வளவுதான். நல்ல எல்.இ.டி. டார்ச் ஒரு வாட்டுக்குத் தோராயமாக 100 லூமன் தரும் என்று வைத்துக்கொள்ளலாம். அப்படியானால் 100 லூமனில் பன்னிரண்டு மணி நேரம் எரியும், 300 லூமனில் நான்கு மணி நேரம், 1,000 லூமனில் ஒன்றேகால் மணி நேரம். லட்சம் லூமனுக்கு 1,000 வாட் வேண்டும். அது ஒரு இஸ்திரிப் பெட்டி இழுக்கும் மின்சாரம். அந்தச் சின்ன செல்லிலிருந்து அதை எடுக்க 270 ஆம்பியருக்கு மேல் பாய வேண்டும்; வலிமையான 18650 கூட 30 ஆம்பியர் அளவோடு நின்றுவிடும். எப்படியோ பாய்ந்தது என்றே வைத்துக்கொண்டாலும் 45 விநாடியில் செல் காலி. வெப்பத்தையும் இதில் சேர்க்க வேண்டும். அதிக வெளிச்சத்தில் ஓடும் எல்.இ.டி., தான் வாங்கும் மின்சாரத்தில் பாதிக்கும் குறைவாகவே ஒளியாக்குகிறது, மீதி வெப்பமாகிறது. உள்ளங்கை அளவுள்ள அலுமினியக் குழல் காற்றில் கடத்தக்கூடியது சில வாட் வெப்பம்தான். அதனால்தான் நேர்மையான ஒற்றை செல் டார்ச்சும் உச்ச வெளிச்சத்தைச் சில நிமிடங்களுக்கே தந்துவிட்டு, தானாகவே இறங்கிக்கொள்கிறது. சூடாகி இறங்கும் டார்ச்சைப் பழுது என்று திருப்பிக் கொடுக்கிறவர்கள் உண்டு. உண்மையில் அது செல்லையும் எல்.இ.டி.யையும் பயன்படுத்துபவரின் கையையும் காப்பாற்றும் ஏற்பாடு.

“கடையில் போட்டுப் பார்த்தேன், அதுதானே மற்றதைவிடப் பளிச்சென்று எரிந்தது?” என்று கேட்பார்கள். கண் பார்த்தது பொய்யில்லை, ஆனால் பார்த்த சூழல் போதாது. முழுதாகச் சார்ஜ் ஏறிய டார்ச்சை, இரண்டு மீட்டர் தள்ளி இருக்கும் வெள்ளைச் சுவரில், ஐந்து விநாடி அடித்துப் பார்க்கிறோம். நமக்குத் தேவை இருட்டில் நாற்பதாவது நிமிடத்தில் வரும் வெளிச்சம். இந்த இடத்தில்தான் முறையான அளவீடு உதவும். ஆன்சி எஃப்.எல். 1 என்னும் அமெரிக்கத் தரநிலை 2009-இல் வந்தது. உலகம் முழுவதும் ஒழுங்கான டார்ச் நிறுவனங்கள் அதன்படி எண்களைத் தருகின்றன. அதில் லூமனை அளப்பது, சுவிட்ச் போட்ட 30 விநாடிக்கும் 2 நிமிடத்துக்கும் இடையில். எரியும் நேரம் என்பது வெளிச்சம் தொடக்க அளவில் பத்தில் ஒரு பங்காகக் குறையும் வரையிலான நேரம். இந்த இரண்டாவது விதியைக் கவனியுங்கள். “1,000 லூமன், 3 மணி நேரம்” என்று அச்சிட்ட டார்ச், 1,000 லூமனை ஐந்து நிமிடம் தந்துவிட்டு, மீதி நேரம் 300-க்கும் 100-க்கும் இடையில் ஓடினாலும் அந்த வாசகம் விதிக்கு உட்பட்டதே. தரநிலையைப் பின்பற்றும் பெட்டியையும் நாம் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் படிக்க வேண்டும். சில நிறுவனங்கள் நேரத்துக்கு எதிராக வெளிச்சம் எப்படி இறங்குகிறது என்ற வரைபடத்தையே வெளியிடுகின்றன. அது கிடைத்தால் வேறெதையும் விட அதை நம்பலாம். எண்ணைக் கூட்டிக்கொண்டே போவதில் கண்ணுக்கும் பெரிய லாபம் இல்லை. வெளிச்சத்தின் கூடுதல் குறைவை நம் கண் நேர்விகிதத்தில் உணர்வதில்லை. லூமன் இரட்டித்தால் சற்றே கூடியதாகத் தெரியும், இரு மடங்காகத் தெரிய ஏறக்குறைய நான்கு மடங்கு வேண்டும். 500 லூமனுக்கும் 700 லூமனுக்கும் உள்ள வேறுபாட்டுக்காகக் கூடுதல் விலை கொடுப்பது வீண்.

லூமன் கூடினால் அதிக தூரம் அடிக்கும் என்பது அடுத்த நம்பிக்கை. லூமன் என்பது டார்ச்சிலிருந்து எல்லாத் திசைகளிலும் வெளிவரும் மொத்த ஒளி. தூரத்தைத் தீர்மானிப்பது, அந்த ஒளி எவ்வளவு குறுகிய கற்றையாகக் குவிகிறது என்பது. அதன் அளவு கேண்டலா. தரநிலையின்படி, முழுநிலவு தரும் வெளிச்சத்தை ஒத்த 0.25 லக்ஸ் வரை ஒளி குறையும் இடமே டார்ச்சின் எட்டும் தூரம். கேண்டலாவின் வர்க்கமூலத்தை இரண்டால் பெருக்கினால் அந்தத் தூரம் மீட்டரில் கிடைத்துவிடும். 10,000 கேண்டலாவுக்கு 200 மீட்டர், 40,000 கேண்டலாவுக்கு 400 மீட்டர். தூரம் இரட்டிக்க நான்கு மடங்கு கேண்டலா தேவைப்படுகிறது. 1,000 மீட்டர் என்று ஒருவர் சொன்னால் 2,50,000 கேண்டலா இருக்க வேண்டும்; அந்த எண் பெட்டியில் இல்லையென்றால் பேச்சை முடித்துக்கொள்ளலாம். நிலா வெளிச்சத்தில் ஓர் உருவம் தெரியுமே தவிர அது என்னவென்று உறுதியாகத் தெரியாது. ஆகவே அச்சிட்ட தூரத்தில் பாதிக்கும் குறைவாகவே நடைமுறையில் பயன் என்று கொள்வது நல்லது. வரப்பில் நடப்பவருக்கு இந்தத் தூரமே பெரும்பாலும் வேண்டாதது. அவருக்குக் காலடியிலிருந்து பத்து, பதினைந்து மீட்டர் வரை அகலமாக, சீராக விழும் வெளிச்சம் வேண்டும். ஊசிபோல் குவிந்த கற்றை காலருகே விழுந்தால், நடுவில் கண் கூசும் வட்டமும் சுற்றிலும் கும்மிருட்டுமாக இருக்கும். இருட்டுக்குப் பழகிய கண் அந்தப் பழக்கத்தை இழந்தால் முழுதாக மீள அரை மணி நேரம் வரை ஆகும். தோப்பின் மறுமுனையைப் பார்க்க வேண்டிய காவலாளிக்கும் குளத்தின் அக்கரையைப் பார்க்க வேண்டியவருக்கும் கணக்கு வேறு. அவர்கள்தான் கேண்டலாவைத் தேட வேண்டும்.

நீலம் கலந்த வெள்ளை ஒளிதான் சக்தி வாய்ந்தது என்றும் பலர் எண்ணுகிறார்கள். வெள்ளை எல்.இ.டி. என்பது நீல எல்.இ.டி.யின் மேல் மஞ்சள் ஒளி தரும் பூச்சைத் தடவிச் செய்வது. அந்த நீல எல்.இ.டி.யைக் கண்டதற்காகத்தான் அகாசாகி, அமானோ, நகமுரா மூவருக்கும் 2014-இல் இயற்பியல் நோபல் கிடைத்தது. பூச்சு குறைந்தால் நீலம் தூக்கலாகி, சிவப்பும் பழுப்பும் சாம்பலாகத் தெரியும். காய்ந்த சருகின் மேல் பழுப்பு நிறப் பாம்பு கிடக்கும்போது இதுவே பெரிய குறை. நிறத்தை எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்பதற்கு சி.ஆர்.ஐ. என்று 100-க்கு மதிப்பெண் உண்டு. 90-க்கு மேல் உள்ள டார்ச் லூமனில் சற்றுக் குறைவாகவே தரும். அந்த இழப்பைத் தயங்காமல் ஏற்கலாம்.

உறுதி விஷயத்தில் “வாட்டர்புரூப்”, “மிலிட்டரி கிரேடு” என்ற இரண்டு சொற்களும் தனியாக நின்றால் எதையும் உறுதி செய்வதில்லை. இரண்டாவது சொல்லுக்குப் பின்னால் இருப்பது அமெரிக்க ராணுவத்தின் சோதனை முறைகளின் தொகுப்பு. எந்தச் சோதனை நடந்தது என்று சொல்லாமல் அதன் பெயரை மட்டும் சொல்வதில் பொருள் இல்லை. கேட்க வேண்டியவை இரண்டு எண்கள்தான். முதலாவது ஐ.பி. எண்: ஐ.பி.எக்ஸ். 4 என்றால் சாரலும் தெறிக்கும் நீரும் தாங்கும். ஐ.பி.எக்ஸ். 7 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் தாங்கும். எக்ஸ் இருக்கும் இடத்தில் தூசிக்கான மதிப்பெண் வரவேண்டும். அங்கே 6 என்று இருந்தால் தூசி புகாது. செங்கல் சூளையிலும் அரிசி ஆலையிலும் வேலை செய்பவர்களுக்கு நீரைவிட இதுவே முக்கியம். இரண்டாவது எண், கான்கிரீட் தரையில் எத்தனை மீட்டர் உயரத்திலிருந்து விழுந்து பிழைத்தது என்பது. ஒரு மீட்டர் குறைந்தபட்சம். முன்னும் பின்னும் இழுக்கும் ஜூம் தலையை விரும்பிக் கேட்கிறார்கள். நகரும் தலை என்றாலே நீர் புகும் இடுக்கு ஒன்று கூடுதலாக இருக்கிறது. குவிக்கும்போது ஒளியில் பெரும்பகுதி குழலுக்குள்ளேயே வீணாகிறது. கரடுமுரடான வேலைக்கு அது வேண்டாம்.

தவறான நம்பிக்கைகள் அதிகம் மண்டிக்கிடப்பது பேட்டரியில்தான். புதிதாக வாங்கியதும் பன்னிரண்டு மணி நேரம் சார்ஜ் போட வேண்டும், முழுவதும் தீர்ந்த பிறகே மறுபடி போட வேண்டும் என்பவை நிக்கல் காட்மியம் காலத்து வழக்கங்கள். 1991-இல் சோனி லித்தியம் அயான் செல்லைச் சந்தைக்குக் கொண்டுவந்தது முதலே இந்த வகை பேட்டரிக்கு அவை பொருந்தியதில்லை. அதை அடியோடு தீர்ப்பதுதான் கெடுதல். பாதியில் சார்ஜ் போடுவது நல்லதே. நம் வீடுகளில் இன்னும் இருக்கும் ஈய அமில பேட்டரி டார்ச்சுக்கும், முழுவதும் தீர்க்கச் சொல்லும் அந்த அறிவுரை விஷம்தான். தீர்ந்த நிலையில் மூலையில் கிடந்தால் அதன் தகடுகளில் சல்பேட் படிந்து பிறகு சார்ஜே ஏறாது. லித்தியத்துக்குப் பெரிய எதிரி சூடு. தகரக் கூரையின் கீழும் வெயிலில் நிற்கும் வண்டிக்குள்ளும் முழுச் சார்ஜோடு போட்டுவைத்தால் செல் வேகமாக மூப்படையும். பல மாதம் பயன்படுத்தாமல் வைப்பதானால் பாதிச் சார்ஜில் வைக்கலாம்.

உள்ளேயே அடைத்த பேட்டரிதான் பாதுகாப்பானது என்று வாதிடுவோர் உண்டு. அதில் நியாயம் இருக்கிறது. கழற்றிய 18650 செல் சட்டைப் பையில் சாவியோடும் சில்லறையோடும் உரசினால் ஷார்ட் ஆகித் தீப்பிடிக்கலாம்; அதைத் தனி உறையில்தான் எடுத்துச் செல்ல வேண்டும். ஆனால் இந்த செல்களுக்கு 300 முதல் 500 முறை சார்ஜ் ஏற்றும் ஆயுளே பொதுவாகச் சொல்லப்படுகிறது. தினமும் சார்ஜ் போடும் ஒருவருக்கு அது ஒன்றரை ஆண்டுக்குள் தளர்ந்துவிடும். அடைத்த பேட்டரி என்றால் அப்போது டார்ச்சே குப்பைக்குப் போகிறது. பொது அளவில் உள்ள, கழற்றக்கூடிய செல் என்றால் அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். அன்றாடக் கடும் உழைப்புக்கு நான் பரிந்துரைப்பது இதைத்தான். செல் வாங்கும்போது ஐ.எஸ். 16046 என்ற இந்தியத் தர முத்திரையையும் அதன் கீழ் ஆர் என்று தொடங்கும் பதிவு எண்ணையும் பாருங்கள். அந்த எண்ணை பி.ஐ.எஸ். கேர் செயலியில் தட்டினால் யார் பெயரில் பதிவானது என்று தெரிந்துவிடும். செயலி இல்லையென்றால் எடைபோட்டுப் பாருங்கள். நல்ல 18650 செல் சுமார் 45 கிராம் இருக்கும். 9,900 எம்.ஏ.எச். என்று போட்டுவிட்டு 30 கிராம் எடை காட்டினால் குழலுக்குள் பெரும்பாலும் வெற்றிடம்தான்.

கைபேசியில் டார்ச் இருக்கும்போது தனி டார்ச் எதற்கு என்ற கேள்விக்கு நீண்ட பதில் தேவையில்லை. அதன் ஒளி குவியாமல் சில மீட்டரில் கரைந்துவிடுகிறது. விழுந்தால் வெளிச்சமும் உதவிக்கு அழைக்கும் வழியும் ஒன்றாகப் போய்விடுகின்றன. விலையைக் குறித்த ஆட்சேபம் இதைவிடக் கனமானது. நாட்கூலிக்காரர் வெளிநாட்டு டார்ச்சுக்கு எங்கே போவார் என்று கேட்கிறார்கள். அவருக்கு 2,000 லூமன் தேவையே இல்லை. நடக்க 100 லூமன் தாராளம், சுற்றிலும் தேடிப் பார்க்க 300 போதும். அந்த அளவை நேர்மையாகத் தரும் எளிய டார்ச், லட்சம் என்று பொய் சொல்லும் டார்ச்சைவிட நெடுநாள் உழைக்கும்.

கடைக்குப் போகும்போது இதைக் கேளுங்கள்: கழற்றக்கூடிய ஒரு 18650 அல்லது அதைவிடச் சற்றுப் பெரிய 21700 செல், 300 லூமனை மூன்று மணி நேரம் இறங்காமல் தருவது, ஐ.பி.எக்ஸ். 7, ஒரு மீட்டர் வீழ்ச்சி, சாதாரண யு.எஸ்.பி. சி சார்ஜிங். கடைக்காரர் அனுமதித்தால் பத்து நிமிடம் எரியவிட்டுப் பார்த்து வாங்குங்கள். பயன்பாட்டில் செல் உப்பினாலோ உறை கிழிந்தாலோ அதற்கு மறுபடி சார்ஜ் போடாதீர்கள்; மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுத்துவிடுங்கள்.