பெற்றோர் கொடுத்த நோயா?



வார்டுகளைச் சுற்றி வருகையில் நாங்கள் அடிக்கடி காணும் காட்சி ஒன்று உண்டு. மாதக்கணக்காய் வயிற்றுவலி, இரத்தம் கலந்த பேதி, உடல் மெலிவு என்று அவதிப்பட்ட வாலிபன் கட்டிலில் படுத்திருக்கிறான். அது நாட்பட்ட குடல் அழற்சி நோய் என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போகிறார். அவர் போனதும் தாய் எங்களிடம் கேட்கிறாள்: "ஐயா, எங்க அப்பாவுக்கும் இதே நோய்தான். அப்போ நான்தானே இதை என் பிள்ளைக்குக் கொடுத்தேன்?"

பிறவிக் குருடனைக் கண்ட சீஷர்களும் முதலில் குற்றவாளியைத்தான் தேடினார்கள். இந்தத் தாய்க்கு என்ன பதில் சொல்வது? இம்மாதப் பாடத்தில் ஆராய்வோம்.

நோய் எது?

குடல் அழற்சி நோயில் முக்கியமானவை இரண்டு. அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் பெருங்குடலின் உட்புறத்தைப் புண்ணாக்கும். கிரோன் நோய் உணவுப்பாதையில் எங்கும் வரலாம். பெரும்பாலும் சிறுகுடலின் கடைப்பகுதியைப் பற்றும். 1932-ஆம் ஆண்டில் நியூயார்க்கின் மவுண்ட் சைனாய் மருத்துவமனையைச் சேர்ந்த டாக்டர் பர்ரில் கிரோனும் வேறு இரு மருத்துவர்களும் இதை விவரித்து எழுதினார்கள். நம்மைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தி, குடலில் வாழும் கிருமிகளின்மேல் அளவு மீறிப் பாய்ந்து குடலையே புண்ணாக்குகிறது. இது ஒட்டிக்கொள்ளும் நோயல்ல.

மரபணு சொல்வது என்ன?

2001-ஆம் ஆண்டில் 16-ஆம் குரோமோசோமில் உள்ள நாட்-2 என்னும் மரபணுவுக்கும் கிரோன் நோய்க்கும் உள்ள தொடர்பு வெளியாயிற்று. கிருமியின் சுவர்த் துணுக்கை அடையாளம் காண்பது இந்த மரபணுவின் வேலை. ஐரோப்பிய வம்சத்தாரிடம் இதில் மூன்று மாற்றங்கள் முக்கியமானவை. தாய் தகப்பன் இருவரிடமிருந்தும் அத்தகைய மாற்றத்தைப் பெற்றவருக்கு நோய் வரும் வாய்ப்பு பத்து மடங்குக்கும் மேல் கூடுகிறது. ஆயினும் அவர்களிலும் மிகப் பெரும்பாலோர் நோயின்றியே வாழ்கிறார்கள்!

2008-ல் வெளியான வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆய்வில், பரிசோதிக்கப்பட்ட இந்தியக் கிரோன் நோயாளிகளிடம் அந்த மூன்று மாற்றங்களும் காணப்படவில்லை. ஆக, ஒரே மரபணுவைக் காரணமாகச் சுட்டிக்காட்ட இயலாது. இந்நோய்களோடு தொடர்புள்ள இடங்கள் இருநூறுக்கும் மேலாக இன்று அறியப்பட்டுள்ளன. ஒவ்வொன்றின் பங்கும் பெரும்பாலும் மிகச் சிறியது. கைக்குழந்தைகளுக்கு வரும் சில அபூர்வ வகைகளில் மாத்திரம் ஒரே மரபணுவின் குறை காரணமாகிறது.

உருவத்தில் ஒத்த இரட்டையருக்கு மரபணுக்கள் ஏறக்குறைய ஒன்றே. ஒருவருக்குக் கிரோன் நோய் இருந்தால் மற்றவருக்கும் வருவது பாதிப் பேருக்குக்கூட இல்லை. அல்சரேட்டிவ் கொலைட்டிஸில் அது இன்னும் குறைவு. மேலும், கடந்த சில பத்தாண்டுகளாக நம் நாட்டில் இந்நோய்கள் அதிகமாகக் கண்டறியப்படுகின்றன. ஒரு தலைமுறைக்குள் மரபணுக்கள் அப்படி மாறிவிடுவதில்லை. நம் உணவும் வாழ்க்கை முறையும்தான் மாறியிருக்கின்றன. புகைபிடித்தல் கிரோன் நோயின் அபாயத்தைக் கூட்டுகிறது என்பது உறுதி.

நாம் செய்யத்தக்கவை

1. மறைக்க வேண்டாம். பெண்ணின் கலியாணம் தடைப்படுமோ என்று அஞ்சிக் குடும்ப நோயை டாக்டரிடமே ஒளிப்பவர்கள் உண்டு. அதனால் சிகிச்சைதான் தாமதமாகும். பெற்றோரில் ஒருவருக்கு இந்நோய் இருந்தாலும், பிள்ளைகளில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் அது வருவதில்லை.

2. நாமே முடிவு கட்ட வேண்டாம். குடல் காசநோயும் கிரோன் நோயைப் போலவே தோன்றும்; சிகிச்சையோ வேறு. இரத்தப் பேதி, நீடித்த வயிற்றுவலி, எடைக்குறைவு இருந்தால் பரிசோதனை அவசியம்.

3. மரபணு உதவியும் செய்யும். இந்நோய்க்குத் தரும் அசாதயோப்ரின் மருந்து சிலருடைய இரத்த அணுக்களை ஆபத்தான அளவு குறைத்துவிடும். அதற்கு நட்-15 என்னும் மரபணுவின் மாற்றம் ஒரு காரணம் என்று 2014-ல் அறியப்பட்டது. ஆசிய மக்களிடம் இம்மாற்றம் அதிகம். முன்கூட்டியே பரிசோதித்தால் மருந்தின் அளவைக் குறைக்கலாம், அல்லது மாற்று மருந்து தரலாம்.

இப்பொழுது அந்தத் தாய்க்கு நாங்கள் சொல்வது இதுவே: "அம்மா, உன் கண்ணையும் நிறத்தையும் போலவே இதிலும் ஒரு சிறு பங்கு உன் வழியாய் வந்திருக்கலாம். நீ தெரிந்து கொடுக்கவுமில்லை. உன்னால் தடுத்திருக்கவும் முடியாது. உன் அப்பாவின் நோயை டாக்டரிடம் சொன்னாயா? இன்றைக்கே சொல்லிவிடு. அது அவருக்கு உதவும்."