ஸ்போர்ட்ஸ் கார் வாங்குபவர் எந்த எண்ணை நம்பலாம்?

அமெரிக்காவில் வேலைக்குச் சேர்ந்து கையில் கொஞ்சம் காசு சேர்ந்ததும் நம் பிள்ளைகளில் பலருக்கு ஒரு ஸ்போர்ட்ஸ் கார் மீது ஆசை வருகிறது. ஆசையில் தவறில்லை. பழைய மஸ்டாங்கோ, இரண்டாம் கைக்கு வந்த கார்வெட்டோ அங்கே ஓர் இளம் பொறியாளரின் சம்பளத்துக்கு எட்டாத பொருள் அல்ல. தேர்ந்தெடுக்கும் விதம்தான் வருத்தம் தருகிறது. கைபேசியில் இரண்டு கார்களின் விவரங்களைப் பக்கம் பக்கமாக வைத்து, ஒன்று அறுபது மைல் வேகத்தை 2.9 நொடியில் தொடுகிறது, மற்றது 3.6 நொடியில்தான் தொடுகிறது என்று பார்க்கிறார்கள். அந்த வித்தியாசத்துக்காகப் பல ஆயிரம் டாலர் கூடுதலாகக் கடன் வாங்குகிறார்கள். நண்பர்கள் எதை வைத்திருக்கிறார்கள் என்பது ஒரு பக்கம் இழுக்கிறது. ‘வாங்குவதுதான் வாங்குகிறாய், நாலு பேருக்குத் தெரிந்த கம்பெனியாகப் பார்த்து வாங்கு’ என்று ஊரிலிருந்து அப்பா சொல்வது இன்னொரு பக்கம். ஓட்டப்போகிறவர் எப்படிப்பட்ட ஓட்டுநர் என்ற கேள்வி இதற்கிடையில் எழுவதே இல்லை.

விளம்பரத்தில் வரும் எண்கள் பெரும்பாலும் நான்கு: குதிரைத்திறன், உச்ச வேகம், ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் பாதையைச் சுற்றிய நேரம், நின்ற இடத்திலிருந்து அறுபது மைலையோ நூறு கிலோமீட்டரையோ தொடும் நேரம். இவை என்னவென்று கார் பிரியர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. யார் அளந்தார்கள், எப்படி அளந்தார்கள் என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது.

குதிரைத்திறனைப் பொறுத்தவரை நிலைமை முன்னைவிட எவ்வளவோ மேல். 1971 வரை அமெரிக்க நிறுவனங்கள் எஞ்சினைத் தனியே கழற்றி, ஏர் ஃபில்டர், ஆல்டர்னேட்டர், சைலன்சர் எதுவும் இல்லாமல் ஓட்டிக் கிடைத்த எண்ணைத்தான் அச்சடித்தன. 1971-இல் 330 குதிரைத்திறன் என்று விற்கப்பட்ட கார்வெட்டின் எல்டி-1 எஞ்சின், அடுத்த ஆண்டே 255 என்று பட்டியலுக்கு வந்தது. எஞ்சின் ஏறத்தாழ அதேதான். காரில் பொருத்தியிருக்கும் நிலையிலேயே அளக்க வேண்டும் என்று முறை மாறியதால் எண் இறங்கியது.

அதற்குப் பிறகும் மிகைப்படுத்தல் நின்றுவிடவில்லை. 1999 மஸ்டாங் கோப்ராவுக்கு ஃபோர்டு 320 குதிரைத்திறன் என்றது. வாங்கியவர்கள் சக்கரத்துக்கு வரும் திறனை அளக்கும் டைனோ கருவியில் ஏற்றிப் பார்த்தபோது எண் ஒத்துவரவில்லை. ஃபோர்டு விற்பனையை நிறுத்தியது. விற்ற கார்களையும் திரும்ப அழைத்து, இன்டேக் மேனிஃபோல்டையும் புகைபோக்கிக் குழாய்களையும் மாற்றிக் கொடுத்தது. 2000-ஆம் ஆண்டுக்கு வழக்கமான கோப்ரா மாடல் வரவில்லை. 2001 மாஸ்டா எம்எக்ஸ்-5 மியாட்டாவுக்கு 155 என்று சொன்ன மாஸ்டா, பிறகு அதை 142 என்று திருத்தியது. வேண்டாம் என்றவர்களிடமிருந்து காரையே திரும்ப வாங்கிக்கொள்ளவும் முன்வந்தது. இத்தகைய கசப்புகளுக்குப் பிறகு, வெளிச் சாட்சி ஒருவர் முன்னிலையில் எஞ்சினைச் சோதித்துச் சான்று பெறும் முறை 2005-இல் அமெரிக்காவில் வந்தது. கார்வெட் இசட்06-இன் 505 குதிரைத்திறன் அப்படிச் சான்று பெற்றது.

மின்சாரக் கார்களில் இதே கதை வேறு உருவில் திரும்பியது. டெஸ்லா தன் மாடல் எஸ் பி85டி காருக்கு 691 குதிரைத்திறன் என்று விளம்பரம் செய்தது. அது முன், பின் மோட்டார்களின் திறனைத் தனித்தனியே எடுத்துக் கூட்டிய தொகை. பேட்டரி கொடுக்கக்கூடிய மின்சாரத்துக்கோ 463-க்கு மேல் வராது. நார்வேயில் நூற்றுக்கும் மேற்பட்ட உரிமையாளர்கள் புகார் செய்தார்கள். அங்குள்ள நுகர்வோர் தகராறு ஆணையம் 2016-இல் அவர்கள் பக்கம் நின்றது, அந்த ஆண்டின் இறுதியில் டெஸ்லா சமரசத்துக்கு வந்தது.

குறைத்துச் சொன்னவர்களும் உண்டு. ஜப்பானிய நிறுவனங்கள் தங்களுக்குள் பேசிவைத்துக்கொண்டு, 1989-இலிருந்து 2004 வரை உள்நாட்டில் விற்ற எந்தக் காருக்கும் 280-க்கு மேல் எழுதவில்லை. நிசான் ஸ்கைலைன் ஜிடி-ஆரின் உண்மையான திறன் அதைவிடக் கணிசமாக அதிகம். 2020 டொயோட்டா சூப்ராவுக்கு எஞ்சினில் 335 குதிரைத்திறன் என்று எழுதியிருந்தார்கள். ‘கார் அண்ட் டிரைவர்’ பத்திரிகை டைனோவில் ஏற்றியபோது சக்கரத்திலேயே 339 வந்தது. கியர்பாக்ஸிலும் ஆக்சிலிலும் கொஞ்சம் சக்தி வீணாகும் என்பதை நினைத்துப் பார்த்தால், எஞ்சின் எவ்வளவு கொடுக்கிறது என்பது விளங்கும். மொத்தத்தில், பெரிய நிறுவனம் இன்று எழுதும் குதிரைத்திறனை நம்பலாம். ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: அந்த எண் 25 டிகிரி வெப்பத்துக்கும் கடல் மட்டத்தை ஒட்டிய காற்றழுத்தத்துக்கும் சரிக்கட்டிய எண். டென்வர் போல ஆயிரத்து அறுநூறு மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊரில் டர்போ இல்லாத எஞ்சின் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கை இழந்துவிடும்.

உச்ச வேகம் எந்தச் சாலையிலும் பயன்படாத எண். ஆனாலும் நிறுவனங்களின் குணத்தை அது நன்றாகக் காட்டிக்கொடுக்கும். 1961-இல் ஜாகுவார் ஈ-டைப் மணிக்கு 150 மைல் ஓடும் என்று உலகமே பேசியது. பத்திரிகைக்காரர்கள் கைக்கு வந்த கார் ரேஸ் டயர்களோடு தனியாகத் தயார்செய்யப்பட்டது. கடையில் வாங்கியவரின் கார் அதைத் தொடவில்லை. 1988-இல் அதே நிறுவனம் எக்ஸ்ஜே220-ஐ வி12 எஞ்சினோடும் நான்கு சக்கர இயக்கத்தோடும் காட்சிக்கு வைத்து, பிறகு முன்பணம் வாங்கியது. 1992-இல் கொடுத்தபோது உள்ளே இருந்தது டர்போ பொருத்திய வி6, இயங்கியது பின் சக்கரங்கள் மட்டும். பெயரிலேயே இருந்த 220 மைலும் கிட்டவில்லை. கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கழற்றி, எஞ்சின் சுழற்சி வரம்பையும் உயர்த்திய பிறகு 217-தான் வந்தது. 2020 அக்டோபரில் எஸ்எஸ்சி என்ற சிறிய அமெரிக்க நிறுவனம், தன் டுவாட்டாரா கார் நெவாடா நெடுஞ்சாலையில் இரு திசைச் சராசரியாக 316 மைலுக்கு மேல் ஓடியதாக அறிவித்தது. ஆர்வலர்கள் காணொளியை அங்குலம் அங்குலமாகப் பார்த்து, சாலையோர அடையாளங்களுக்கு இடையிலான தூரத்தையும் நேரத்தையும் கணக்கிட்டு, இது நடந்திருக்க முடியாது என்று காட்டினார்கள். அடுத்த ஆண்டு நிறுவனமே அந்த வேகத்தை எட்டவில்லை என்று ஒப்புக்கொண்டது.

நூர்பர்க்ரிங் நேரம் சற்று மேலான அளவுகோல். கார் அங்கே திரும்ப வேண்டும், பிரேக் பிடிக்க வேண்டும், வெப்பத்தையும் தாங்க வேண்டும். அங்கும் சண்டை உண்டு. 2008-இல் நிசான் ஜிடி-ஆர் 7 நிமிடம் 29 நொடியில் சுற்றியதாக நிசான் சொன்னது. போர்ஷே தன் பங்குக்கு ஒரு ஜிடி-ஆரை விலைக்கு வாங்கி ஓட்டிப் பார்த்து, 7 நிமிடம் 54 நொடி என்றது. நிசான் அதை மறுத்தது. எந்த டயர், எந்த ஓட்டுநர், முழுப் பாதையான 20.832 கிலோமீட்டரா அல்லது 20.6 கிலோமீட்டரா என்று பார்த்துவிட்டு ஏற்றுக்கொள்ளலாம்.

எச்சரிக்கை தேவைப்படுவது நான்காவது எண்ணுக்குத்தான். பிள்ளைகள் மயங்குவதும் கடன் வாங்குவதும் இதற்காகத்தான்.

அமெரிக்க டிராக் பந்தயப் பாதைகளில், புறப்படும் இடத்தில் ஓர் ஒளிக்கற்றை குறுக்கே போகும். முன் சக்கரம் அதை மறைத்தபடி கார் நிற்கும். சக்கரம் ஒளியை விட்டு விலகியதும் கடிகாரம் ஓடத் தொடங்கும். அதற்குள் கார் ஏறக்குறைய ஓர் அடி நகர்ந்திருக்கும், வேகமும் பிடித்திருக்கும். இதற்கு ரோல்அவுட் என்று பெயர். ஓட்டப்பந்தயத்தில் முதல் எட்டை எடுத்துவைத்த பிறகு கடிகாரத்தை அமுக்குவது போலத்தான். இதனால் 0.2 முதல் 0.3 நொடி வரை மிச்சமாகும். அமெரிக்கப் பத்திரிகைகளும் பல நிறுவனங்களும் இந்த முறையில்தான் நேரம் சொல்கின்றன. ஐரோப்பிய நிறுவனங்கள் பெரும்பாலும் நின்ற இடத்திலிருந்து நூறு கிலோமீட்டர் வரை அளக்கின்றன. அறுபது மைல் என்பது 96.6 கிலோமீட்டர்தான். இந்த இரண்டு நேரங்களையும் ஒரே கட்டத்தில் அருகருகே வைத்து ஒப்பிடுவது அர்த்தமற்றது. நம் பிள்ளைகள் செய்வதோ அதைத்தான்.

2021-இல் வந்த டெஸ்லா மாடல் எஸ் பிளெய்டின் 1.99 நொடி உலகம் முழுக்கப் பரவியது. ரோல்அவுட் கழித்த நேரம் என்ற விளக்கம் சிறிய எழுத்தில் இருந்தது. ‘மோட்டார் டிரெண்ட்’ சோதித்தபோது 1.98 நொடி கிடைத்தது உண்மை. கிடைத்த இடமோ, சக்கரம் ஒட்டிக்கொள்வதற்காகப் பிசின் பூசிய டிராக் பாதை. சாதாரணத் தாரில் அதே காருக்கு 2.07 நொடி ஆயிற்று, அதுவும் ரோல்அவுட்டைக் கழித்த பிறகு. பேட்டரியை அதற்கேற்ற சூட்டுக்குக் கொண்டுவரப் பல நிமிடங்கள் காத்திருக்கவும் வேண்டும். சிக்னலில் பச்சை விழுந்ததும் கிடைக்கும் நேரம் அல்ல அது. 2018 டாட்ஜ் டீமனின் 840 குதிரைத்திறன், 100-க்கு மேற்பட்ட ஆக்டேன் கொண்ட பந்தய எரிபொருளை ஊற்றினால் வருவது. பங்க்கில் கிடைக்கும் பெட்ரோலுக்கு 808. அறுபது மைலுக்கு 2.3 நொடி என்ற அதன் அறிவிப்பும் பந்தயப் பாதைக்குச் சொன்னது. டாட்ஜ் இதையெல்லாம் ஒளிக்கவில்லை. படிக்காமல் விட்டவர்கள்தான் அதிகம்.

எதிர்த்திசையிலும் இந்த எண் ஏமாற்றுகிறது. போர்ஷே தன் 911 டர்போ எஸ்ஸுக்கு அறுபது மைல் 2.6 நொடி என்றது. ‘கார் அண்ட் டிரைவர்’ அதை 2.2 நொடியில் எடுத்தது. ஒருவர் கூட்டிச் சொல்கிறார், ஒருவர் குறைத்துச் சொல்கிறார். இந்த நிலையில் இரண்டு நிறுவனங்களின் அறிவிப்பில் அரை நொடி வித்தியாசம் இருந்தால் அதற்குப் பொருளே இல்லை. அதற்குப் பணம் கொடுப்பது வீண் செலவு.

அந்த நேரத்தை எடுப்பதும் எளிதல்ல. நின்ற இடத்திலிருந்து பாய உதவும் லாஞ்ச் கன்ட்ரோலை இயக்கி, பிரேக்கையும் ஆக்ஸிலரேட்டரையும் சேர்த்து அழுத்தி விடுவதால் கிளட்ச், கியர்பாக்ஸ் எல்லாம் அடி வாங்கும். அப்படிப் பலமுறை புறப்பட்ட காரை இரண்டாம் கையாக வாங்குபவர், முந்தையவரின் அந்த நொடிகளுக்குத் தன் பணத்தைக் கொடுக்கிறார். ஊர்ந்துகொண்டிருக்கும்போது மிதித்தால் எவ்வளவு பிக்கப் கிடைக்கிறது என்பதுதான் சாலையில் உதவும். ‘கார் அண்ட் டிரைவர்’ ஐந்து மைல் வேகத்திலிருந்து அறுபது மைல் வரை தனியாக அளந்து வெளியிடுவது அதற்காகவே. டர்போ தயங்கும் கார்களின் சாயம் அங்கே வெளுத்துவிடும். ஒரே ஓர் எண்ணைப் பார்க்க நேரம் இருப்பவர் அதைப் பார்க்கட்டும்.

விளம்பரத்தில் பெரிய எழுத்தில் வராத ஐந்தாவது எண் ஒன்று உண்டு: எடை. இதை எழுதுபவரின் சாய்வு முழுக்க அந்தப் பக்கம்தான், அதை மறைக்கத் தேவையில்லை. எடையிலும் கண்கட்டு உண்டு. எரிபொருளும் எண்ணெய்களும் இல்லாத எடையை முன்னால் நிறுத்துவது பல நிறுவனங்களின் வழக்கம். மெக்லாரன் 720எஸ் அப்படிப் பார்த்தால் 1,283 கிலோ. ஓடத் தயாரான நிலையில் 1,419. ஃபெராரி 458-இல் இந்த இரண்டு எண்களும் 1,380, 1,485. ஆகவே ஓடும் நிலை எடையைத் தேடிப் பார்க்க வேண்டும். பார்த்துவிட்டால் கார் எப்படித் திரும்பும், பிரேக் எவ்வளவு தாங்கும், டயருக்கு ஆண்டுதோறும் எவ்வளவு செலவாகும் என்று ஓரளவு அதிலிருந்தே சொல்லிவிடலாம்.

அதனால்தான் முதல் ஸ்போர்ட்ஸ் காராக எம்எக்ஸ்-5-ஐ இங்கே தயங்காமல் சொல்ல முடிகிறது. தவறாகச் சொன்ன எண்ணைத் திருத்திய அதே மாஸ்டாவின் கார். இப்போதைய தலைமுறை ஆயிரம் கிலோவை ஒட்டியது. 1.5 லிட்டர் எஞ்சினோடு ஜப்பானில் விற்கப்பட்ட எளிய வகை 990 கிலோதான். அதில் கியர் மாற்றிப் பழகி, வளைவுக்குள் எங்கே பிரேக்கை விடவேண்டும் என்று உடம்பு தெரிந்துகொண்ட பிறகு எண்ணூறு குதிரைகளைப் பற்றி யோசிக்கலாம். சிலருக்கு வேகத்தில் கண் நிதானமாகப் பார்க்கும், சிலருக்குப் பார்க்காது. அது குறையல்ல, ஓட்டிப் பார்த்தால்தான் தெரியவரும் விஷயம். நீண்ட பயணம் பிடிக்கும் ஒருவருக்கு ரேஸ் டயரில் வரும் கடினமான கார் ஆறு மாதத்தில் சுமையாகிவிடும். மழையில் அந்த டயர்கள் ஆபத்தும்கூட. தன் இயல்பு எது என்று அறிய ஓராண்டு காத்திருப்பதால் எதுவும் குடிமுழுகிப் போகாது. புதிய மாடல் வந்த முதல் மாதங்களில் கிடைப்பவை பெரும்பாலும் நிறுவனத்தின் எண்கள். சுதந்திரமான சோதனைகள் பிறகுதான் ஒவ்வொன்றாக வரும்.

காத்திருக்கும் அந்த ஓராண்டில் செலவழிக்கப் பணம் இருப்பவர்கள் ஓட்டக் கற்றுக்கொள்ளலாம். அட்லாண்டாவிலும் லாஸ் ஏஞ்சலிஸ் அருகே கார்சனிலும் போர்ஷேவின் பயிற்சி மையங்கள் இருக்கின்றன. அவர்களின் காரிலேயே, பயிற்சியாளர் பக்கத்தில் இருக்க, ஓட்டிப் பார்க்கலாம். நெவாடாவின் பாரம்ப்பில் கார்வெட் ஓட்டக் கற்றுத்தரும் ரான் ஃபெல்லோஸ் பள்ளி உண்டு. புதிய கார்வெட் வாங்குபவர்களுக்கு அங்கே கட்டணச் சலுகை கிடைக்கிறது. காத்திருந்து முடிவில் எம்எக்ஸ்-5 தேடுபவர்கள் அமெரிக்காவில் 2019 மாடலையும் அதற்குப் பிந்தைய கார்களையும் பார்க்கட்டும். அந்த மாடலில்தான் எஞ்சின் 155-இலிருந்து 181 குதிரைத்திறனுக்கு உயர்ந்தது, சுழற்சி வரம்பும் 6,800-இலிருந்து 7,500 ஆனது.