தரங்கம்பாடித் தமிழ் மாணவர்

செருமனி நாட்டின் சாக்சனிப் பகுதியில் 1682ஆம் ஆண்டில் பிறந்தவர் பர்த்தலோமேயு சீகன்பால்கு. டென்மார்க்கு மன்னர் நான்காம் பிரெடரிக்கு, கிறித்தவ சமயத்தைப் பரப்புமாறு அவரையும் புளூச்சோ என்பவரையும் கப்பலேற்றி அனுப்பினார். 1706ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 9ஆம் நாள் இருவரும் தரங்கம்பாடிக் கடற்கரையை அடைந்தனர். அவ்வூர் அந்நாளில் டேனியர் ஆட்சியில் இருந்தது.

ஐரோப்பாவினின்று வந்த பலரையும் போலவே, இந்நாட்டு மக்கள் கல்வியும் ஒழுங்கும் இல்லாதவர் என்னும் எண்ணத்தோடுதான் சீகன்பால்குவும் வந்தார். தொடக்கத்தில், சிறு கோயில் ஒன்றில் இருந்த உருவங்கள் சிலவற்றை அவர் உடைத்ததும் உண்டு. சமயப் பற்று என்று அவர் கருதிய அச்செயல், பிறர் உள்ளத்தை அறியாமையால் விளைந்ததேயாகும்.

அவ்வறியாமையை அகற்றியது தமிழ்க் கல்வி. முதிய ஆசிரியர் ஒருவரின் பள்ளியைத் தம் இல்லத்திலேயே நடைபெறச் செய்து, சிறுவரோடு தரையில் அமர்ந்து, மணலில் விரலால் எழுத்துகளை எழுதிப் பழகினார். நம் திண்ணைப் பள்ளிகளில் வழிவழியாக நிலவிய முறை அது. வளர்ந்த ஒருவர், அதிலும் மன்னரால் அனுப்பப்பெற்றவர், ஐந்தாண்டுப் பிள்ளைகளோடு அவ்வாறு அமர்வதற்கு எத்துணைப் பணிவு வேண்டும்!

எழுத்தறிந்தபின் நூல்களைத் தேடலானார். ஊர்தோறும் ஆள் அனுப்பி, கற்றோர் மறைந்தபின் அவர்தம் கைம்பெண்களிடம் கிடந்த ஏடுகளை விலைக்கு வாங்கினார். 1708ஆம் ஆண்டில் அவர் தொகுத்த நூற்பட்டியலில், இந்நாட்டுச் சமயத்தார் இயற்றிய தமிழ் நூல்கள் மட்டுமே 119 இடம்பெற்றன. அப்பட்டியலில் அவர் தமிழை மலபார் மொழி என்றே குறித்தார். ஐரோப்பியர் அந்நாளில் வழங்கிய பெயர் அது. அவ்வாண்டிலேயே கொன்றைவேந்தன், உலகநீதி, நீதிவெண்பா ஆகியவற்றைச் செருமானிய மொழியில் பெயர்த்தார். தமிழரைப் பற்றித் தாம் முன்னர்க் கொண்டிருந்த கருத்துப் பிழையானது என்பதையும், ஐரோப்பிய அறிஞர் ஆராயும் பொருள்கள் இங்கும் முறையாகக் கற்பிக்கப்படுகின்றன என்பதையும் வெளிப்படையாக எழுதினார்.

தமிழ் அறிஞர் பலருக்கு வினாக்கள் விடுத்து, அவர்தம் விடைகளையும் கடிதங்களாகப் பெற்றார். கிறித்தவ சமயத்தை ஏன் ஏற்கவில்லை என்பதற்கு அவர்கள் கூசாது விடை பகர்ந்தனர். கிறித்தவர் பசுவைக் கொன்று உண்கின்றனர், கள்ளுண்டு மயங்குகின்றனர், தூய்மை பேணுவதில்லை என்பன அவர்தம் குறைகூறல்கள். தம் இனத்தாரைப் பழிக்கும் அம்மொழிகளைச் சீகன்பால்கு மறைத்தாரல்லர். மொழிபெயர்த்துச் செருமனிக்கு அனுப்பினார். அவ்வாறு அனுப்பப்பெற்ற 99 கடிதங்கள் ஆலே நகரில் 1714, 1717ஆம் ஆண்டுகளில் அச்சாயின.

இதனால் அவர் தம் கொள்கையைக் கைவிட்டார் என்று கருதலாகாது. உருவ வழிபாடு தவறென்றே இறுதிவரை எழுதினார். தாம் ஏற்காத சமயத்தையும் அதனைப் பின்பற்றுவோர் வாய்மொழியாலேயே அறிதல் வேண்டும் என்பது அவர் கொண்ட நெறி. உடன்படுவோரை மதித்தல் எளிது. உடன்படாதவர் நூலை ஏடு ஏடாகப் படித்தல் அரிது.

1713ஆம் ஆண்டில், தென்னாட்டுத் தெய்வங்களைப் பற்றி விரிவான நூல் ஒன்றை எழுதி ஆலேக்கு அனுப்பினார். அங்கிருந்த பிராங்கே என்னும் பெரியவர் சீகன்பால்குவின் ஆசான் போன்றவர். ஏழைகட்கும் ஆதரவற்ற சிறார்க்கும் கல்விச் சாலைகள் நிறுவிய அருளாளர். அவரே அந்நூலை அச்சிட இசையவில்லை. புறச்சமயத்தை வேரறுக்கவே தொண்டர்களை அனுப்பினோம். அதன் பொய்க்கதைகளை ஐரோப்பாவில் பரப்புவதற்கன்று என்பது அவர் கருத்து. நல்லோர் உள்ளத்திலும் குறுகிய நோக்கு குடிபுகுதல் உண்டு போலும்!

1719ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில், முப்பத்தாறாம் அகவையில் சீகன்பால்கு தரங்கம்பாடியிலேயே மறைந்தார். தாம் எழுப்பிய புதிய எருசலேம் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பெற்றார். பிராங்கே ஒதுக்கிய நூல் ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டு கையெழுத்துப் படியாகவே கிடந்தது. 1867ஆம் ஆண்டில் செர்மான் என்னும் மற்றொரு செருமானியத் தொண்டர் அதனைப் பதிப்பித்தார். அது அச்சேறிய நகரம் சென்னை.