பிள்ளைகளும் அடுப்படிக்கு வரட்டும்



கூட்டம் முடிந்து எழுந்திருக்கும்போது நமக்குள் நடக்கும் பேச்சில் பாதி பிள்ளைகளைப் பற்றியதுதான். "எம்புள்ள சோத்துல கையே வைக்க மாட்டேங்கிறான்." "கீரைன்னா மூஞ்சியத் திருப்பிக்கிறா." "பெட்டிக்கடைப் பாக்கெட்டக் காட்டினாத்தான் வாயத் திறக்குது." இந்த மாதப் பாடத்தில் இதைத்தான் பேசப்போகிறோம்.

கணக்கு எழுதுவது நமக்குப் பழக்கம்தானே, முதலில் ஒரு கணக்குப் போடுவோம். 5 ரூபாய் பாக்கெட் காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று என்றால் நாளைக்கு 10 ரூபாய், மாதம் 300 ரூபாய். நம் குழுக்கள் பலவற்றில் ஒரு உறுப்பினரின் மாதச் சேமிப்பே அவ்வளவு கிடையாது. முட்டை ஒன்று 6 ரூபாய் என்று வைத்தால் அந்தக் காசுக்கு 50 முட்டை வாங்கலாம். காசு போனது ஒரு பக்கம். பாக்கெட்டில் இருப்பது பெரும்பாலும் மாவும் எண்ணெயும் உப்பும்தான். அதைத் தின்றுவிட்டு வரும் பிள்ளைக்குச் சோற்று நேரத்தில் பசி எப்படி எடுக்கும்?

2019-21ஆம் ஆண்டு எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 6 மாதம் முதல் 5 வயதுக்குள் இருக்கும் குழந்தைகளில் 100க்கு 57 பேருக்கு இரத்தசோகை இருந்தது. அதாவது பாதிக்கும் மேல். இரத்தம் குறைந்த பிள்ளை சீக்கிரம் சோர்ந்துபோகும், படிப்பில் கவனம் நிற்காது. இரும்புச்சத்து மருந்தும், ஆண்டுக்கு 2 முறை தரும் பூச்சி மாத்திரையும் தவறாமல் வாங்கிக் கொடுக்க வேண்டும். அதோடு தினமும் தட்டில் முருங்கைக்கீரை, கேழ்வரகு, கம்பு, பச்சைப்பயறு, முட்டை என்று ஏதாவது ஒன்று விழ வேண்டும். இதெல்லாம் நம் ஊரில் கிடைக்காத பொருளா? கிடைக்கிறது. பிள்ளை தொட மாட்டேன் என்கிறது, அதுதான் சிக்கல்.

மிரட்டினால் தின்னுமா?

"பூச்சாண்டி வருவான்" என்று பயமுறுத்தியும், போனைக் கையில் கொடுத்தும் ஊட்டிப் பார்க்கிறோம். நாலு வாய் உள்ளே போகும். ஆனால் கீரை மேல் ஆசை வராது. மறுநாள் கீரையைப் பார்த்தாலே பயம்தான் வரும்.

நம் உறுப்பினர்களில் சிலர் பள்ளிக்கூடத்தில் காலை உணவு சமைக்கிறார்கள். 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் அரசுத் தொடக்கப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் வந்த திட்டம் அது. வீட்டில் கிச்சடி வேண்டாம் என்று அழும் பிள்ளை அங்கே தட்டைக் காலி பண்ணிவிட்டு இன்னொரு கரண்டி கேட்கிறது. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் சாப்பிடுகிறார்கள், அதுவும் சாப்பிடுகிறது. வீட்டிலும் பிள்ளைக்குத் தனியாக ஊட்டாமல், எல்லோரும் உட்காரும்போது அதற்கும் ஒரு தட்டு வைத்துப் பாருங்கள். புதுப் பண்டம் என்றால் ஒரு தடவை துப்பியதும் விட்டுவிடக் கூடாது. கொஞ்சம் கொஞ்சமாகப் பத்துத் தடவையாவது வைத்த பிறகுதான் "புடிக்கல" என்ற முடிவுக்கு வர வேண்டும்.

கை பட்டால் வாய் திறக்கும்

சிரட்டையில் மண்ணை நிரப்பி, இலையைக் கிள்ளிப் போட்டு, "அம்மா, கொழம்பு ஊத்தட்டா?" என்று கேட்காத பிள்ளை உண்டா? சமையல் ஆசை பிள்ளைகளுக்கு இயற்கையாகவே இருக்கிறது. நிஜ அடுப்படிக்கு வந்தால் மட்டும் "போ அந்தாண்ட, கெடுக்காத" என்று விரட்டிவிடுகிறோம். வேலைக்கு ஓடும் அவசரத்தில் வேறு என்ன செய்வது என்பீர்கள். நியாயம்தான். தினமும் வேண்டாம், வாரத்தில் ஒரு நாள், அரை மணி நேரம் போதும்.

மூன்று வயதுப் பிள்ளையிடம் முருங்கைக் கொத்தைக் கொடுத்து இலையை உருவச் சொல்லலாம். பாதி கீழே சிந்தும், சிந்தட்டும். (பட்டாணி, மொச்சை உரிக்கக் கொடுத்தால் மட்டும் பக்கத்திலேயே இருங்கள். இந்த வயதில் அது மூக்குக்குள் போவதும் உண்டு. முழு வேர்க்கடலையும் சின்னப் பிள்ளைக்கு ஆகாது, தொண்டையில் சிக்கும்.) நாலைந்து வயதில் மாவு பிசையும், அவலில் வெல்லமும் தேங்காயும் போட்டுக் கலக்கும். எட்டு வயதில் எலுமிச்சம்பழம் பிழியும். அந்த எலுமிச்சைச் சாற்றைக் கீரையில் விட்டால் இரும்புச்சத்து உடம்பில் நன்றாகச் சேரும். சோறு தின்றதும் டீ கொடுத்தால் சேருவதையும் அது தடுத்துவிடும். பிள்ளைகளுக்கு டீயே வேண்டாம்.

தொடங்குவதற்கு நல்ல பண்டம் கேழ்வரகுப் பிடி கொழுக்கட்டை. ஒரு டம்ளர் கேழ்வரகு மாவை வாசம் வரும் வரை வெறும் சட்டியில் வறுத்துக்கொள்ளுங்கள். அரை டம்ளர் வெல்லத்தை முக்கால் டம்ளர் தண்ணீரில் கரையவிட்டு வடிகட்டி, ஒரு சிட்டிகை உப்பும் ஏலக்காயும் போட்டு, மாவில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கிளறுங்கள். கையில் பிடித்தால் உருண்டையாக நிற்கும் பதம் வந்ததும் ஊற்றுவதை நிறுத்திவிட வேண்டும். இதுவரை நம் வேலை. மாவு கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் ஒரு பிடி தேங்காய்த் துருவலைப் போட்டுப் பிள்ளையிடம் தள்ளிவிடுங்கள். பிசைந்து, உள்ளங்கையில் வைத்து அழுத்திப் பிடிக்கட்டும். இட்லிப் பானையில் 12 நிமிடம் போல வெந்தால் போதும். வெந்த பிறகும் அந்தச் சின்ன விரல் தடம் அப்படியே இருக்கும். "இது நான் புடிச்சது" என்று தேடி எடுத்துத் தின்னும், அப்பாவுக்கும் ஒன்று கொண்டுபோய்க் கொடுக்கும். 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. அரிசியில் அதெல்லாம் பேருக்குத்தான்.

உடைந்த குடத்தில் மண் போட்டு ஒரு பிடி வெந்தயத்தைப் பிள்ளை கையாலேயே தூவச் சொல்லுங்கள். நாலைந்து நாளில் முளைக்கும், மூணு நாலு வாரத்தில் கிள்ளலாம். தான் தண்ணீர் ஊற்றிய கீரை என்றால் பருப்பில் போட்டாலும் அடையில் போட்டாலும் ஒரு கை பார்க்கும்.

இரண்டு எச்சரிக்கை

"ஆம்பளப் புள்ளைக்கு எதுக்கு அடுப்படி?" என்று மாமியார் கேட்பார்கள். பசிப்பது இரண்டு பேருக்கும்தானே, அத்தை என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிடுங்கள். பெண்பிள்ளையை மட்டும் கூப்பிட்டால் அது வேலை வாங்குவதாகத்தான் முடியும். பள்ளிக்கு மட்டம் போடவைத்து எட்டு வயதுப் பெண்ணைச் சோறு பொங்க வைப்பதை நாங்கள் சொல்லவில்லை, அது வேறு கதை.

இன்னொன்று, நெருப்பு. அடுப்பு, கொதிக்கும் கஞ்சி, குக்கர், அரிவாள்மனை இவற்றின் பக்கம் சின்னப் பிள்ளை வரக் கூடாது. பிள்ளையின் வேலை தரையில், அடுப்புக்கு எட்டாத தூரத்தில் நடக்கட்டும். சுட்டுவிட்டால் மாவோ, இங்கோ, பற்பசையோ தடவாதீர்கள். 20 நிமிடம் குளிர்ந்த தண்ணீரை அதன் மேல் ஊற்றிக்கொண்டே இருங்கள். பெரிய புண் என்றால் 108ஐக் கூப்பிடுங்கள்.

அடுத்த கூட்டத்துக்கு ஒரு வேலை

நாம் சின்ன வயதில் மரத்தடியில் ஆளுக்கொரு பிடி அரிசி, பருப்பு கொண்டுவந்து கூட்டாஞ்சோறு ஆக்கினோமே, அதைப் பள்ளி விடுமுறை நாள் ஒன்றில் குழுவாகச் செய்து பார்க்கலாம். ஒவ்வொரு பிள்ளையும் வீட்டிலிருந்து ஒரு பிடி அரிசியும், ஒரு காயோ கீரையோ எடுத்து வரட்டும். ஆய்வது, கழுவுவது, கலப்பது, பரிமாறுவது எல்லாம் அவர்கள். அடுப்பை மட்டும் இரண்டு அம்மாமார் பார்த்துக்கொள்ள வேண்டும், யார் அந்த இரண்டு பேர் என்பதை முந்தின கூட்டத்திலேயே தீர்மானம் போட்டு எழுதிவிடுங்கள். தின்று முடித்ததும் பாத்திரம் கழுவ முதலில் பையன்களைக் கூப்பிடுங்கள். எந்தப் பிள்ளை எந்தக் காயை முதல் தடவையாகத் தின்றது என்று குறித்து வைத்தால், அடுத்த மாதம் கூட்டமைப்புக் கூட்டத்தில் எல்லாக் குழுக்களும் சேர்ந்து பேசலாம்.